மார்கழியில் பினாங்குக் காட்டுப்பூக் கணக்கு எடுப்பது எப்படி

மார்கழி என்றதும் நமக்கு நினைவு வருவது கோலத்து நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூதான். அது வீட்டுத் தோட்டத்துப் பூ. அதே மாதத்தில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரத்திலும் மலையடிவாரத்திலும் கடற்கரை மணலிலும் பூத்து நிற்பவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றைத் தேடிப்போய்ப் பெயர் எழுதிவரும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் சங்கத்தார் 2012 முதல் ஒவ்வொரு புத்தாண்டை ஒட்டியும் இதைச் செய்துவருகிறார்கள். அதிகபட்சம் மூன்று மணி நேரம் நடந்து, அந்தக் கடுங்குளிரில் பூத்திருக்கும் காட்டுச் செடிகளை மட்டும் எழுதுவார்கள். லண்டனில் அப்போது பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. டெய்சி, டேன்டிலியன் போன்ற சாதாரணப் பூக்கள்தான் அங்கே அதிகம் கிடைக்கும். பினாங்கிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 40 நிமிட வித்தியாசம்கூட இல்லை. உறைபனி என்ற பேச்சே கிடையாது. ஆகவே அவர்களுடைய விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கஷ்டம் வேறு இடத்தில் வரும். அங்கே பூ குறைவு. இங்கே பூ நிறைய. அதில் எது காட்டுப்பூ, எது நட்ட பூ, எது எந்த மணிக்கு மூடிக்கொள்ளும் என்பதில்தான் கணக்கு தவறிப்போகும்.

எந்த நாள், எந்த மணி

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழை. டிசம்பர் நடுவிலிருந்து குறையத் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த பூண்டுகள் எல்லாம் மண் ஈரம் இன்னும் காயாத மார்கழிப் பின்பாதியில் பூத்து நிற்கும். பிப்ரவரி வந்தால் சாலையோரப் புல் பழுத்துவிடும், பாதிச் செடி விதையாகிவிடும். டிசம்பர் 20-இலிருந்து பொங்கல் வரை உள்ள நாள்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நாள் என்பதைவிட, அடுத்த ஆண்டும் அதே நாளை ஒட்டிப் போவதுதான் முக்கியம். டிசம்பர் 28-இல் எடுத்த பட்டியலையும் பிப்ரவரி 10-இல் எடுத்த பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

நாளைக் குறிப்பதற்கு முன்பு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: புல்வெட்டு. சாலையோரத்தில் இயந்திரம் ஓடிய மறுநாள் போனால் மண்ணும் தண்டும்தான் மிஞ்சும். இரண்டு நாள் முன்னதாகவே போய் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். வெட்டியிருந்தால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். தொட்டாற்சுருங்கியும் மூக்குத்திப்பூண்டும் அதற்குள் மறுபடி தலைதூக்கிவிடும். செடிகள் பச்சை மாறி, ஓரம் ஓரமாக ஒரே அளவு மஞ்சளாகக் கருகியிருந்தால் அது களைக்கொல்லி. அந்தப் பக்கமே போகாதீர்கள், கையால் தொடவும் வேண்டாம்.

தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகிறவர்கள் தைப்பூசத் தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். அந்த நாள்களில் ஜாலான் கெபுன் பூங்கா சாலையில் நடக்கவே இடம் இருக்காது. திருவிழா முடிந்த பிறகும் சாலையோரச் செடிகள் மிதிபட்டுக் கிடக்கும். பூசம் ஜனவரியில் வரும் ஆண்டுகளில் டிசம்பர் கடைசி வாரமே பாதுகாப்பு.

ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிப்பது காலை 7.25 வாக்கில். ஏழே முக்காலுக்கு நடையைத் தொடங்குங்கள். பத்தே முக்காலுக்கு முடியும். ஒன்பது மணிக்கு மேல் பசியாறிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் கானாவாழை போன்ற காலைப்பூக்கள் பாதி கைவிட்டுப் போகும். மத்தியானம் போனால் பட்டியல் கண்டிப்பாகச் சுருங்கும். செடி அங்கேயே நிற்கும், பூ மூடியிருக்கும். நீங்கள் எழுத முடியாது.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

விதிகள் கொஞ்சம்தான், ஆனால் கறாராக இருக்க வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம். தே தாரே குடிக்க உட்கார்ந்த நேரம் சேராது. ஓர் இனத்தை ஒரு முறைதான் எழுத வேண்டும். மொட்டு சேராது, காய் சேராது, இதழ் உதிர்ந்து சூல் மட்டும் நிற்பதும் சேராது. பூ விரிந்து, மகரந்தமோ சூல்முடியோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். புல்லும் பூதான்: கதிரிலிருந்து மகரந்தப் பைகள் நூல்போல் வெளியே தொங்கினால் அது பூத்திருக்கிறது என்று பொருள். அத்திக்கு உள்ளே பூ இருப்பதை நாம் பார்க்க முடியாது என்பதால் அதை விட்டுவிடுங்கள். பன்னங்களுக்குப் பூவே கிடையாது. இலையடியில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் வித்துக்கூடுகள்.

நட்டதா, தானாக வந்ததா என்பதுதான் இந்த ஊரில் மிகப் பெரிய தலைவலி. சங்குப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். வேலியில் படர்ந்திருக்கும். வீட்டுக்காரர் சோற்றுக்கு நீல நிறம் சேர்க்க நட்டதாக இருக்கலாம். அதன் விதை விழுந்து, நாலு வீடு தள்ளிக் காலி நிலத்தில் தானாக முளைத்ததாகவும் இருக்கலாம். முதலில் செடியின் அடியைப் பாருங்கள். சம இடைவெளி, வரிசை, கொம்பு, கயிறு, கொண்டுவந்து போட்ட மண் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது நட்டது. சிமெண்டு வெடிப்பு, லோங்காங் சுவர், ஒரே இடத்தில் சின்னதும் பெரிதுமாகப் பல வயதுக் கன்றுகள் என்றால் தானாக வந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்பவற்றுக்குக் குறிப்பேட்டில் ஒரு தனி எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்: காட்டுச் செடிக்குக் ‘கா’, தோட்டத்திலிருந்து தப்பியதற்குத் ‘த’, நட்டதற்கு ‘ந’. கடைசிக் கணக்கில் ‘ந’ வராது. ‘த’ வரலாம், ஆனால் தனியாகக் காட்ட வேண்டும். இப்படிப் பிரித்து எழுதாத பட்டியலை மறு ஆண்டு நீங்களே நம்ப மாட்டீர்கள்.

மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டுக்கு இதே விதியைத் திருப்பிப் போட வேண்டும். மரம் அரசாங்கம் நட்டதாக இருக்கலாம். அதன் கிளையில் விதை பறந்து வந்து ஒட்டிய ஆர்க்கிட் காட்டுச் செடிதான். கம்பியோ தேங்காய் நாரோ சுற்றிக் கட்டியிருந்தால் மட்டும் ‘ந’.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்குக் கண்ணாடி, அதாவது நகைக்கடைக்காரர் வைத்திருப்பது, ஒன்று போதும். அதைப் பிடிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கண்ணாடியைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது; கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை மெல்ல முகத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டரில் தெளியும். தரையோடு கிடக்கும் பூவென்றால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், வியர்வையிலும் தூறலிலும் பேனா மை கரைந்துவிடும். 15 சென்டிமீட்டர் அளவுகோல், ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, குடை, கொசு விரட்டி. ஏடிஸ் கொசு கடிப்பது நாம் நடக்கும் அந்தக் காலை வேளையில்தான், ஆகவே முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் வேண்டும். காலுறைக்கு மேல் காற்சட்டையை விடாமல், காற்சட்டைக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டால் அட்டை ஏறுவது குறையும்; கெமுஞ்சுப் புல் குத்தினாலும் பிடுங்குவது எளிது.

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குள் போகாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

செடியைப் பிடுங்கிக்கொண்டு வரவே வேண்டாம். வன ஒதுக்கீட்டுப் பகுதியில் அனுமதி இல்லாமல் எதையும் எடுப்பது தேசிய வனச் சட்டம் 1984-இன் கீழ் குற்றம். பூங்காவிலும் பறிக்கக் கூடாது. நல்ல படம் ஐந்து இருந்தால் செடியே தேவைப்படாது: பூ நேர்முகம், பூ பக்கவாட்டில், இலை மேற்புறம், இலை அடிப்புறம், இலை தண்டோடு சேரும் இடம். பூ முகத்தை மட்டும் அழகாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர்கள்தான் பெயர் தெரியாமல் திண்டாடுகிறார்கள். மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ் என்றால் இந்தத் தீவில் எத்தனையோ செடிகள். பூவுக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையை வைத்தால் கைப்பேசி கேமரா குவியம் பிடிக்கும். இல்லையென்றால் பின்னால் இருக்கும் புல்லைத்தான் தெளிவாக எடுக்கும்.

முதல் ஒரு மணி நேரம்: லோங்காங்கும் நடைபாதையும்

மலைக்கு ஓடாதீர்கள். அடர்ந்த காட்டுக்குள் மரங்களின் பூ தலைக்கு மேல் முப்பது மீட்டரில் இருக்கும், கீழே நிழலில் பூப்பவை குறைவு. முதன்முதலாகப் போகிறவர்கள் காட்டில் ஒரு மணி நேரம் நடந்து நாலே நாலு பூ எழுதிவிட்டு மனம் தளர்ந்துபோவது இதனால்தான். பட்டியலை நிரப்புவது லோங்காங் ஓரமும் காடி நிறுத்துமிடத்து விளிம்பும் காலி நிலமும்தான். வெயிலும் ஈரமும் கிளறிய மண்ணும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அது.

ஏழே முக்காலுக்கு முதலில் தேட வேண்டியது கானாவாழை. நீல இதழ் இரண்டு மேலே விரிந்திருக்கும், மூன்றாவது இதழ் சிறியதாய் வெளிறிக் கீழே ஒதுங்கியிருக்கும். இந்த இதழ்கள் வாடி உதிர்வதில்லை. நண்பகலுக்குள் நனைந்த காகிதம்போல் குழைந்து மடலுக்குள்ளேயே கரைந்துவிடும். ஆகவே இதை முதலில் முடியுங்கள். பூவைப் பார்த்த உடனே எழுதிவிடாமல் அதைத் தாங்கும் மடலைத் திருப்பிப் பாருங்கள். மடலின் அடி இரு பக்கமும் சேர்ந்து சிறு புனல்போல் இருந்து, இலையுறை வாயில் செம்பழுப்பு மயிர் தெரிந்தால் அது பெங்காலென்சிஸ் என்ற இனம், நம் ஊர்க் கானாவாழை. மடல் ஒட்டாமல், மடித்த காகிதம்போல் ஒரு பக்கம் திறந்து கிடந்தால் அது டிஃப்யூசா, இன்னோர் இனம். இரண்டும் ஒரே லோங்காங் ஓரத்தில் கலந்து நிற்கும். ஒன்றென்று எழுதினால் ஓர் இனம் போய்விடும்.

அடுத்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. கீழாநெல்லியின் பூ இலைக்காம்புக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் தொங்கும். நின்ற நிலையில் தெரியவே தெரியாது. கிளையை ஒரு விரலால் திருப்புங்கள். காய் வழுவழுப்பாக, சிறு காம்போடு தொங்கினால் கீழாநெல்லி. காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்து, தண்டும் சிவந்திருந்தால் அது யூரினாரியா என்ற வேறு இனம். அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, நடைபாதைக் கல் இடுக்கில் வெள்ளைப் புள்ளியாய்த் தெரியும் பற்படாகம் எல்லாம் இதே கணக்கில் சேரும். அம்மான் பச்சரிசியின் பால் கண்ணில் படக் கூடாது. தொட்ட கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை எடுங்கள்.

முயல்செவியும் சீதேவிச் செங்கழுநீரும் ஏமாற்றும் பூக்கள். முயல்செவி முழுதாய்ப் பூத்தாலும் விரியாது. பச்சைக் குடுவையின் வாயில் ஊதா நூல் குஞ்சம் எட்டிப் பார்ப்பதுபோலவே நிற்கும். மொட்டு என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். கண்ணாடியில் பாருங்கள்: நூல் நுனி இரண்டாகப் பிரிந்து வளைந்திருந்தால் பூத்துவிட்டது, எழுதுங்கள்.

வெள்ளைப்பூவில் கீழ் உதட்டில் ஊதாத் திட்டு இருந்தால் அது இங்கே ரும்புட் இஸ்ராயில் என்று எல்லோரும் சொல்லும் செடி. செம்பனைத் தோட்டங்களில் பெரும் களை. பூ இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதே குடும்பத்தில் மூன்று, நாலு சென்டிமீட்டருக்கு ஊதாப்பூ பூப்பதை அழகுக்காக வளர்க்கிறார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கரிசலாங்கண்ணி என்று சந்தேகம் வந்தால் ஒரே ஓர் இலையைக் கசக்குங்கள். சற்று நேரத்தில் விரல் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் அது வேறு. லோங்காங் தண்ணீருக்குள் கை விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நோய்க் கிருமி இருக்கும், கையில் சிறு கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும்.

ஒன்பது மணிக்குப் பிறகு: வெயில் பட்ட வெளி

வெயில் ஏறினால்தான் சில பூக்கள் விழிக்கும். மூக்குத்திப்பூண்டு நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் நுனி மூன்றாய்ப் பிளந்த வெள்ளை இதழுமாக நிற்பது இப்போதுதான். அரிவாள்மனைப்பூண்டின் வெளிர்மஞ்சள் பூ காலையில் நன்றாக விரிந்து, நண்பகலுக்குப் பிறகு மூடிக்கொள்ளும். மத்தியானம் அதே செடியைப் பார்த்தால் பூக்கவே இல்லை என்பீர்கள். தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்பு உருண்டையும் காலையில்தான் புதிதாக இருக்கும். தொட்டால் இலைதான் சுருங்கும், பூ அப்படியே நிற்கும் என்பதால் பயப்படாமல் படம் எடுக்கலாம். முள்ளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுபூனைக்காலிக் கொடியில் பூவைச் சுற்றிப் பாசிபோல ஒரு பச்சை வலை இருக்கும். அதன் மயிர் நுனிகள் பிசுபிசுவென்று ஒட்டும். பிள்ளைகளுக்கு இதைத் தொட்டுக் காட்டினால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

கப்பால் தெர்பாங் செடி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குரோமோலீனா, உண்மையிலேயே நடுக்குளிர்காலச் செடி. பகல் குறுகுவதை உணர்ந்து பூப்பது அது; வட அரைக்கோளத்தில் டிசம்பரும் ஜனவரியும் அதன் காலம். காலி நிலங்களில் ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். இலையில் மூன்று நரம்புகள் முள்கரண்டிபோல் பிரியும், கசக்கினால் காட்டமான வாசம். வெளிறிய ஊதாப் பூக்கொத்துகள் நுனியில் கூட்டமாய் இருக்கும். பிரிட்டனில் பனிக்காலம் சோதிப்பதை இங்கே சோதிக்கக்கூடியது இந்தச் செடிதான். ஆகவே ஆண்டுதோறும் முதல் பூ கண்ட தேதியை இதற்கு மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள்.

மலையடிவாரத்தில் வெட்டிய சரிவுகளில் செண்டுடுக் என்ற புதர்ச்செடி நிற்கும். இலையைத் திருப்பினால் அடியிலிருந்து நுனிவரை ஓடும் மூன்று தடித்த நரம்புகள். பழத்தைத் தின்றால் வாய் கறுக்கும், அதன் அறிவியல் பெயரான மெலஸ்டோமாவுக்குக் ‘கருவாய்’ என்றுதான் பொருள். இந்தப் பூவுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து ஊதா இதழ் நடுவே பத்து மகரந்தத் தாள்கள். எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஐந்து குட்டையாய், பளிச்சென்ற மஞ்சளில். மற்ற ஐந்து நீண்டு, அரிவாள்போல் வளைந்து, இதழின் அதே ஊதாவில் ஒளிந்திருக்கும். பெரிய கருந்தேனீ வந்து மஞ்சளைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும். அந்த அதிர்வில் நீண்ட தாள்களின் நுனித் துளை வழியாக மகரந்தம் பீச்சித் தேனீயின் உடலில் படியும். காதை வைத்துக் கேட்டால் பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அது இதுதான். பூ ஒரு நாள்தான் தாங்கும். அதே சரிவில் அதே நரம்பு இலையோடு, உடம்பெல்லாம் மயிரும் சின்ன வெள்ளைப்பூவும் கருநீலப் பழமுமாக இருந்தால் அது கிளிடேமியா. வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. தானாக வளர்வதால் அதுவும் கணக்கில் சேரும்.

இந்த நேரத்தில்தான் ஒரு செடியை இரண்டாக எண்ணும் தவறு நடக்கும். உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் பூ வயதாக ஆக நிறம் மாறும். மஞ்சளையும் ஆரஞ்சையும் இரண்டு இனமாக எழுதாதீர்கள்.

கடற்கரைக்கு இன்னொரு நாள்

மூன்று மணி நேரத்தில் மலையையும் கடலையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் பாதி நேரம் பயணத்தில் போய்விடும். கடற்கரையைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். 101-ஆம் எண் பேருந்து தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். அங்கே பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள் நுழைய வாசலில் பதிவு செய்ய வேண்டும். அலுவலகம் திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு முன்பு கிடைக்கும் நேரத்தில் வெளிக் கடற்கரையை முடித்துவிடுங்கள்.

மணலில் முதலில் கண்ணில் படுவது அடும்பு. நுனி பிளந்து, குளம்புபோல இருக்கும் இலை. இளஞ்சிவப்பு ஊதாவில் புனல் பூ. நெய்தல் நிலத்துக்கு நம் பழம் புலவர்கள் சொன்ன அதே கொடி. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் துவளும். கரையோர மரங்களில் பூவரசும் நீர்ப்பருத்தியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், இரண்டுமே காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பாய் மாறும். இலையைத் திருப்புங்கள்: அடிப்புறம் வெண்மயிரோடு மெத்தென்று இருந்தால் நீர்ப்பருத்தி, வழுவழுவென்று இருந்தால் பூவரசு. கண்ணாடியில் பூவின் நடுத்தண்டைப் பார்த்தால் இன்னும் உறுதி. நீர்ப்பருத்தியின் சூல்முடி ஐந்தாகப் பிரிந்து நிற்கும், பூவரசில் ஒன்றாகத் தடித்திருக்கும். இவை பல இடங்களில் நிழலுக்காக நட்டவை என்பதால் அடியைப் பாராமல் எழுத வேண்டாம்.

புதரில் யாரோ பாதியைக் கிள்ளிப் போட்டதுபோல் ஐந்து இதழும் ஒரே பக்கம் விசிறியாய் நிற்கும் வெள்ளைப்பூ தெரிந்தால், அது பழுதடைந்த பூ இல்லை. ஸ்கேவோலா என்ற அந்தச் செடி அப்படித்தான் பூக்கும். அலையேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். நீர் ஏறினால் பாறைகளுக்கு அப்பால் திரும்ப வழி இருக்காது.

எழுதும் முறை

மூன்று, நாலு பேர் போனால் ஒருவர் தேட, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் படம் எடுத்தால் யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளைத் தேடும் வேலையில் விடுங்கள். தரைக்கு அருகில் இருப்பதால் பற்படாகத்தை நம்மைவிட முன்னதாகப் பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: 3 ஜனவரி, காலை 8.12, ஜாலான் கெபுன் பூங்கா, லோங்காங் இடக்கரை, கானாவாழை, பூத்த செடி 6, கா. நேரத்தை எழுதுவதை விடாதீர்கள். அடுத்த ஆண்டு ஒரு பூ இல்லையென்றால் செடி இல்லாமல் போனதா, நீங்கள் அரை மணி தாமதமாக வந்தீர்களா என்று அந்த ஓர் எண்தான் சொல்லும்.

தமிழ்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயர் தமிழ்நாட்டில் ஒரு செடிக்கும் இங்கே தோட்டப்புறத்தில் வேறொரு செடிக்கும் வழங்கும். தமிழ், மலாய், அறிவியல் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘மஞ்சள் 4’ என்று எண் போட்டுப் படத்தோடு இணைத்துவிடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகள் நல்ல துணை, ஆனால் அவை முதலில் காட்டும் பெயர் ஒரு யோசனை மட்டும்தான். கானாவாழை இரண்டையும் கீழாநெல்லி இரண்டையும் ஒரே ஒரு பூப்படத்தைக் கொடுத்தால் குழப்பிவிடும். மடலும் காயும் தெரியும் படத்தைச் சேர்த்துக் கொடுங்கள். நட்ட செடியின் படத்தை ஏற்றினால், நட்டது என்று குறிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஆர்க்கிட் கண்ட இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடாதீர்கள். பிடுங்கி விற்பவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

முதல் தடவை இருபது இனத்தை இலக்காக வையுங்கள். இரண்டாம் ஆண்டில் கண் பழகிவிடும், எண்ணிக்கை தானாக ஏறும். அந்த ஏற்றம் பூவின் ஏற்றம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் ஒப்பீடு பேசும்.

மழை கெடுத்தால்

மார்கழியிலும் ஒரு நாள் மத்தியானம் இடியோடு கொட்டித் தீர்க்கும். மறுநாள் நடையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, ஈரத்தில் இதழ் ஒட்டிக்கிடக்கும் என்பதால் அரை மணி தாமதமாகத் தொடங்கினால் போதும். ஆனால் அந்த மழை நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். புறா ஆர்க்கிட் என்ற டென்ட்ரோபியம் குருமெனாட்டம் மாதக்கணக்கில் மொட்டை அடக்கிவைத்திருக்கும். மழை கொட்டிக் காற்று திடீரென்று ஐந்து பாகை அளவுக்குக் குளிர்ந்தால் மொட்டுகள் வளரத் தொடங்கும். ஏறத்தாழ ஒன்பதாம் நாள் காலையில் அந்த வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும். நம் ஊருக்குக் கிடைத்த ஒரே குளிர்காலம் அந்த மத்தியான மழைதான் என்றுகூடச் சொல்லலாம்.

வட்டமிட்ட நாளிலிருந்து எட்டாம் நாளே போய்ப் பழைய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். மெல்லிய தண்டுகளில் வெண்மொட்டுகள் புடைத்திருந்தால் மறுநாள் விடியலில் திரும்ப வாருங்கள். வெள்ளைப் பூவும் உதட்டில் மஞ்சள் தீற்றலும், மரத்தடியிலேயே வாசமும் இருக்கும். தலைக்கு மேல் பூக்கும் பூவைக் கைப்பேசியில் பிடிக்க முடியாது. ஒரு தொலைநோக்கி கொண்டுபோங்கள். மாலைக்குள் வாடிவிடும். மறுநாள் வந்து பார்த்தவர்களுக்கு அந்த மரத்தில் ஆர்க்கிட் இருந்ததே தெரியாது.